மூன்று வருஷமாகப் பூக்காத ஸ்டேபிலியா: என்ன குறை வைத்தேன்?

மொட்டைமாடி_மதுரை | ஜூன் 12

எல்லோருக்கும் வணக்கம். இங்கே படித்துவிட்டுச் சத்தம் போடாமல் போகிற ஆள் நான். இன்றைக்குக் கேட்டே ஆக வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன் திருமங்கலத்துச் சித்தி வீட்டிலிருந்து ஒரு கைப்பிடித் தண்டு கொண்டுவந்தேன். பார்க்கக் கள்ளி மாதிரி இருக்கும், முள் கிடையாது. நான்கு பட்டை, தொட்டால் வெல்வெட் துணி போல. நர்சரியில் காட்டியபோது ‘ஸ்டேபிலியா ஜைஜான்டியா’ என்றார்கள். சித்தி வீட்டில் ஒரு சாணுக்கு மேல் அகலமாக, வெளிர் மஞ்சளில் சிவப்பு வரி வரியாக, நட்சத்திர மீன் போலப் பூக்கிறது. என்னிடம் வெறும் தண்டுதான். 12 அங்குலத் தொட்டி நிரம்பி வெளியே வழிகிறது, ஒரு மொட்டுகூட வந்ததில்லை.

நான் செய்வது: செம்மண்ணும் மண்புழு உரமும் பாதிக்குப் பாதி. காலையில் ரோஜாவுக்கு ஊற்றும்போது இதற்கும் ஒரு மக் தண்ணீர். மாதம் ஒரு தடவை மீன் அமிலம். சன்ஷேடுக்கு அடியில் இருப்பதால் நேர் வெயில் படாது. இன்னும் என்ன கொடுக்க வேண்டும்?

கள்ளிப்பிரியை (கோவை) | ஜூன் 12

தம்பி, கொடுத்ததெல்லாம் போதும். இனி எதை நிறுத்துவது என்று பேசுவோம்.

முதலில் தினசரி மக். ரோஜாவும் இதுவும் ஒரே பந்தியில் உட்காரும் ஆட்கள் இல்லை. இது இரவில்தான் தண்டுத் தோலின் நுண்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கும், அதை அமிலமாகச் சேர்த்து வைத்துக்கொண்டு பகலில் துளைகளை மூடிவிட்டுச் சமைக்கும். பகலில் தண்ணீர் ஆவியாகிப் போகாமல் இருக்கச் செய்யும் ஏற்பாடு அது. அப்படிச் சிக்கனமாகக் குடித்தனம் நடத்துகிற செடிக்கு நீங்கள் தினமும் விருந்து வைக்கிறீர்கள்.

இரண்டாவது, உரம். தழைச்சத்து ஏறினால் தண்டு கொழுக்கும், பூ வராது. மீன் அமிலத்தைக் கத்தரிக்காய்க்கு ஊற்றுங்கள், அது வாழ்த்தும். மூன்றாவது, வெயில். காலை வெயில் நான்கைந்து மணி நேரமாவது வேண்டும்.

மூன்று வருஷம் தினமும் தண்ணீர் வாங்கியும் அழுகாமல் நிற்கிறதே, அதுவே பெரிய விஷயம். சன்ஷேடு மழையைத் தடுத்ததால் பிழைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

செம்மண்தாசன் (நாகர்கோவில்) | ஜூன் 13

அக்கா சொல்வதை அப்படியே ஏற்க முடியவில்லை. எங்கள் ஊரில் இரண்டு பருவமழையும் கொட்டும். என் ஸ்டேபிலியா முருங்கை மரத்தடியில், வெறும் தரையில் கிடக்கிறது. நான் எதுவும் கலக்கவில்லை, வெறும் செம்மண். ஆறு வருஷமாகத் தவறாமல் பூக்கிறது. வடிகாலுக்கு மண்ணில் கலக்கச் சொல்லி விற்கிற இந்தப் பெர்லைட், பியூமிஸ் கல் எல்லாம் காசு பறிக்கிற வேலை.

கள்ளிப்பிரியை | ஜூன் 13

பெர்லைட் என்று நான் சொல்லவே இல்லையே அண்ணா! உங்கள் முருங்கையடி சரிவாக இருக்கிறதா?

செம்மண்தாசன் | ஜூன் 13

ஆமாம். கிணற்று மேட்டுச் சரிவு. மழை நின்ற பத்தாவது நிமிஷம் தண்ணீர் ஓடிவிடும்.

கள்ளிப்பிரியை | ஜூன் 13

அவ்வளவுதான் விஷயம். தரையில் ஓடிவிடுகிற தண்ணீர் தொட்டியில் தேங்கும். அதே செம்மண்ணைப் பிளாஸ்டிக் தொட்டியில் அடைத்தால் அடியில் களிமண் கட்டிபோல இறுகிவிடும்.

கடலோரக்காரன் (டர்பன்) | ஜூன் 14

நான் திருநெல்வேலிக்காரன், வேலைக்காக இங்கே வந்து எட்டு வருஷம் ஆகிறது. இந்தச் செடியின் சொந்த ஊர்ப் பக்கம் இருக்கிறேன் என்பதால் ஒரு வார்த்தை. தென்னாப்பிரிக்காவில் தொடங்கி மொசாம்பிக், ஜிம்பாப்வே, சாம்பியா, மலாவி வழியாக மேலே தான்சானியா வரைக்கும் இது உண்டு. ஆங்கிலத்தில் ‘சூலு ஜயன்ட்’ என்றும் ஒரு பெயர்.

காட்டில் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். சுட்டெரிக்கும் வெட்டவெளியில் நிற்கும் என்று நினைத்துப் போனேன். பாறை இடுக்குகளில், முட்புதர்களின் காலடியில், இலை நிழல் விழுந்து விழுந்து எழுகிற இடத்தில்தான் படர்ந்திருந்தது. காலடியில் கல்லும் சரளையும்தான், மண் என்று சொல்ல அதிகம் இல்லை. மழைக்காலத்தில் நன்றாக நனைகிறது, பிறகு மாதக்கணக்கில் காய்கிறது. செம்மண்தாசன் அண்ணாச்சியின் முருங்கையடி கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான், அவருக்குத் தெரியாமலே அமைந்துவிட்டது.

மதுரை மே மாத உச்சிவெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள். தண்டு செம்பழுப்பாக மாறும். அது நோய் இல்லை, வெயிலுக்குத் தோல் கறுப்பது போலத்தான். ஆனாலும் சுருங்கிப் போகிற அளவுக்கு விடக்கூடாது.

மொட்டைமாடி_மதுரை | ஜூன் 14

சரி, தண்ணீரை நிறுத்திவிட்டேன். கிழக்குக் கைப்பிடிச் சுவர் ஓரமாக நகர்த்தியும் ஆயிற்று, பதினொரு மணி வரை வெயில் வரும். தொட்டி வழிகிறதே, அதை என்ன செய்வது? நடுவில் இருக்கும் தண்டெல்லாம் பழுப்பேறி மரத்துப் போயிருக்கிறது.

கள்ளிப்பிரியை | ஜூன் 15

இதைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். பூக்காததற்குப் பாதிக் காரணம் அந்த மரத்துப்போன நடுப்பகுதிதான்.

ஸ்டேபிலியா பூப்பது பெரும்பாலும் புதுத் தண்டில், அதுவும் அடிப்பக்கத்தை ஒட்டி. பழைய தண்டு சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். காட்டில் அது ஓரம் ஓரமாக நகர்ந்து புது இடம் பிடிக்கும், தொட்டியில் எங்கே போகும்? அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நான் மொத்தத்தையும் கலைத்துவிடுவேன். செடி பெருக்குவதும் பூக்க வைப்பதும் இதற்கு ஒரே வேலை.

போத்து, அதாவது நடுவதற்கு வெட்டும் தண்டு, எடுக்கும் முறை சொல்கிறேன். தண்டு அடியில் இன்னொரு தண்டோடு சேருகிற கணு இருக்கும், அந்த இடம் இடுங்கி மெல்லியதாக இருக்கும். அங்கேதான் வெட்ட வேண்டும். நடுவில் வெட்டினால் காயம் பெரிதாகும், அழுகல் நுழைய வாசல் திறந்த மாதிரி. கணுவில் கையால் திருகினாலே வந்துவிடும். எருக்கு போலப் பால் வடியாது, கொஞ்சம் நீர் கசியும், அவ்வளவுதான்.

வெட்டியதை உடனே நடாதீர்கள். பேப்பரில் பரப்பி நிழலில் ஒரு வாரம் போடுங்கள். காயம் வறண்டு தோல் கட்ட வேண்டும். லவங்கப்பட்டைத் தூள், மஞ்சள் தூள் தடவுகிறவர்கள் உண்டு. நான் இரண்டையும் பார்த்துவிட்டேன், தடவாததும் தடவியதும் ஒரே மாதிரிதான் வேர் விட்டன. மஞ்சளைச் சாம்பாருக்கு வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் மண். எம்சாண்டை அப்படியே போடாதீர்கள். அதிலிருக்கும் தூள் தண்ணீர் பட்டதும் சிமெண்ட் பால் மாதிரி இறுகும். சலித்து, கழுவி, பரும்படியாக நிற்பதை மட்டும் எடுங்கள். அது இரண்டு பங்கு, உடைத்த செங்கல் அல்லது பொடி ஜல்லி ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, கைப்பிடி மண்புழு உரம், கொஞ்சம் அடுப்புக் கரி. தொட்டி அகலமாக, ஆழம் குறைவாக இருக்கட்டும், இதன் வேர் ஆழத்துக்குப் போகாது. மண்தொட்டி கிடைத்தால் நல்லது.

நடுவதில்தான் எல்லோரும் தப்புச் செய்கிறார்கள். கரும்புக் கரணை மாதிரி ஆழமாகக் குத்தக்கூடாது. கலவைக்கு மேலே படுக்க வையுங்கள், அல்லது அடிப்பாகம் அரை அங்குலம் மட்டும் மண்ணில் பதியட்டும். படுத்திருக்கும் தண்டு மண்ணைத் தொடுகிற பக்கத்தில் வேர் விடும், நுனி தானாக நிமிரும். இரண்டு மூன்று வாரத்தில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். கையோடு வராமல் பிடித்துக்கொண்டால் வேர் வந்துவிட்டது. அதுவரை தெளிப்பான்கூட வேண்டாம்.

இலையுதிர் (சென்னை) | ஜூன் 15

படுக்க வைத்தால் சரி, ஒரு வாரம் காய வைப்பதெல்லாம் அதிகம் இல்லையா? நான் அன்றைக்கே நட்டேன், நன்றாகத்தான் வந்தது.

கள்ளிப்பிரியை | ஜூன் 15

எந்த மாதம் நட்டீர்கள்?

இலையுதிர் | ஜூன் 15

ஏப்ரல்.

கள்ளிப்பிரியை | ஜூன் 15

ஏப்ரல் சென்னையில் மண்ணே காய வைத்துக்கொடுத்துவிடும் மேடம். நவம்பரில் செய்து பாருங்கள், கொழகொழவென்று கையில் வரும்.

பழைய_வாத்தியார் (தஞ்சாவூர்) | ஜூன் 17

ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியன். வளர்ப்பைப் பற்றி அம்மா சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை, உறவுமுறை சொல்கிறேன்.

எருக்கு என்ற பேச்சு வந்தது. இதுவும் எருக்கும் ஒரே குடும்பம். எருக்கம்பூவின் நடுவில் கிரீடம் போல இருக்கிறதே, அதேபோல இதன் நடுவிலும் ஐந்து மடிப்பு அமைப்பு உண்டு. மகரந்தம் தூளாக உதிராது. மெழுகுப் பொட்டலம் போல இரண்டிரண்டாகக் கோத்திருக்கும். வந்து உட்காரும் ஈயின் வாயிலோ காலிலோ கிளிப் மாட்டியது போல மாட்டிக்கொள்ளும். அடுத்த பூவுக்கு ஈ போகும்போது பொட்டலம் அங்கே சரியான பிளவில் சிக்க வேண்டும். பூ இவ்வளவு பெரிதாக இருந்தும் காய் பிடிப்பது அபூர்வமாக இருப்பதற்கு இந்த நுணுக்கம் ஒரு காரணம்.

பெயர்க்கதையும் சுவையானது. 1624இல் யூஸ்டுஸ் ஹூர்னியுஸ் என்ற டச்சுப் பாதிரியார் கிழக்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலில் போகிற வழியில், நன்னம்பிக்கை முனையில் இறங்கிச் சில செடிகளை வரைந்தார். அதில் இந்த இனத்துச் செடி ஒன்று. இன்று அதற்கு ஓர்பியா வேரிகேட்டா என்று பெயர். அந்தப் படங்களைத் தன் புத்தகத்தில் சேர்த்தவர் ஆம்ஸ்டர்டாம் மருத்துவர் ஃபான் ஸ்டேபல். புத்தகம் 1644இல் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. பின்னாளில் செடிகளுக்கு இரட்டைப் பெயர் முறை வகுத்த லின்னேயஸ் அவர் பெயரில் ஸ்டேபிலியா என்று வைத்தார். ஹூர்னியுஸ் பெயரும் ஹூவர்னியா என்ற இன்னொரு பேரினத்துக்குப் போனது, ஆனால் எழுத்துப் பிழையோடு! நம் ஜைஜான்டியாவுக்குப் பெயரிட்டவர் ஆங்கிலத் தாவரவியலாளர் என்.இ. பிரவுன், வருஷம் 1877.

இன்னொன்று. நம் ஊர்க் கரட்டில் முளைக்கும் கள்ளிமுளையான் தெரியுமா? ஆடு மேய்க்கிறவர்கள் உடைத்துத் தின்பார்கள், துவையலும் அரைப்பார்கள். தாவரவியலாளர் ராக்ஸ்பரோ 1795இல் சோழமண்டலக் கரைச் செடிகளைப் பற்றி எழுதியபோது அதற்கு வைத்த பெயர் ஸ்டேபிலியா அட்சென்டென்ஸ். பிறகுதான் அது காரலூமா என்ற வேறு பேரினத்துக்குப் போனது. ஆகவே உங்கள் மாடியில் இருப்பது தூரத்துச் சொந்தம்.

கடலோரக்காரன் | ஜூன் 17

ஐயா, 2017இல் இந்த மொத்தக் கூட்டத்தையும் செரோபீஜியா என்ற பேரினத்தில் சேர்த்துவிட்டார்களே? இப்போது இதுவே செரோபீஜியா ஜைஜான்டியா என்கிறார்கள்.

பழைய_வாத்தியார் | ஜூன் 17

சேர்த்தார்கள். ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். நர்சரியில் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் சரக்கொன்றையைக்கூட எடுத்துக் கொடுப்பார்கள். நான் ஸ்டேபிலியாவோடு நின்றுகொள்கிறேன்.

மொட்டைமாடி_மதுரை | ஆகஸ்ட் 3

ரொம்ப நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். ஜூன் கடைசியில் தொட்டியைக் கலைத்தேன். 14 போத்து தேறின. ஒரு வாரம் பரப்பி வைத்திருந்தபோது வீட்டில் ‘வடகம் காய்கிறதா?’ என்று கேலி. 11 வேர் பிடித்துவிட்டன, 3 அழுகின. அழுகிய மூன்றும் நான் பொறுமையில்லாமல் தண்ணீர் தெளித்த தொட்டியில் இருந்தவை. ஒப்புக்கொள்கிறேன்.

பழைய தொட்டியில் ஓரத்து இளந்தண்டுகளை மட்டும் விட்டுவைத்தேன். அதில் புதுத் துளிர் நன்றாக வருகிறது. ஆனால் கலைக்கும்போது வேரில் வெள்ளைவெள்ளையாக மாவு போல ஏதோ இருந்ததைப் பார்த்தேன். பூஞ்சையா?

செம்மண்தாசன் | ஆகஸ்ட் 3

கையில் நசுக்கிப் பாருங்கள். பிசுபிசுப்பாக, லேசான சாறோடு நசுங்கினால் வேர் மாவுப்பூச்சி.

மொட்டைமாடி_மதுரை | ஆகஸ்ட் 4

நசுங்குகிறது அண்ணாச்சி. மாவுப்பூச்சிதான்.

கள்ளிப்பிரியை | ஆகஸ்ட் 4

இந்தக் கூட்டத்துச் செடிகளுக்கு அதுதான் பெரிய எமன். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, செடி காரணமில்லாமல் சுருங்கும். தண்ணீர் போதவில்லை என்று நாம் இன்னும் ஊற்றுவோம், அது அழுகும், பழி தண்ணீர் மேல் போகும்.

மண்ணுக்கு மேலே வேப்பெண்ணெய்க் கரைசல் ஊற்றினால் உள்ளே இருப்பதற்கு எட்டாது. நான் வைத்தியம் பார்ப்பதில்லை. அந்தத் தொட்டியையும் பிடுங்கி, மண்ணை மொத்தமாக உதறி, வேரைக் குழாயடியில் கழுவி, பூச்சி ஏறிய வேரையெல்லாம் வெட்டிவிட்டு, தண்டை மறுபடியும் போத்தாகவே காய வைத்து நடுவேன். வேர் போனால் இதற்கு நஷ்டமே இல்லை. பழைய மண்ணைப் பக்கத்துத் தொட்டியில் கொட்டாதீர்கள். எறும்பு நடமாட்டத்தையும் பாருங்கள், அதுதான் இந்தப் பூச்சியை ஊர் ஊராகச் சுமந்து போகும்.

மொட்டைமாடி_மதுரை | அக்டோபர் 19

மொட்டு!!!

இரண்டு. ஒன்று சுண்டைக்காய் அளவு, இன்னொன்று எலுமிச்சை அளவு. புதுத் தண்டின் அடியில், அக்கா சொன்ன அதே இடத்தில். இங்கே மழை தொடங்கிவிட்டது. உள்ளே எடுத்து வைக்கலாமா?

கள்ளிப்பிரியை | அக்டோபர் 19

வாழ்த்துகள்! தொட்டியைத் தூக்காதீர்கள். மொட்டு வந்த பிறகு இடம் மாற்றினால் சிலசமயம் கோபித்துக்கொண்டு உதிர்த்துவிடும். அங்கேயே மேலே ஒரு தகரமோ பாலித்தீனோ சாய்த்துக் கட்டுங்கள், பக்கவாட்டில் காற்று போகட்டும். மொட்டு வளரும் காலத்தில் மண் மொத்தமாகக் காய்ந்தும் போகக்கூடாது, வாரம் ஒரு தடவை அளவாக ஊற்றுங்கள்.

மொட்டைமாடி_மதுரை | அக்டோபர் 30

நேற்றுக் காலை திறந்தது. முந்தின நாள் மாலை வரை மொட்டு ஊதிய காகிதப் பை மாதிரி ஐந்து மூலையோடு புடைத்துக்கொண்டு இருந்தது. விரிந்ததும் ஸ்கேல் வைத்து அளந்தேன், முனைக்கு முனை 27 செ.மீ. பூ முழுக்க மெல்லிய முடி, ஓரத்தில் இன்னும் நீளமாக. சிவப்பு வரிகள் சுருக்கம் விழுந்த தோல் மாதிரி.

நாற்றத்தைப் பற்றிச் சித்தி ஏன் வாயே திறக்கவில்லை என்று இப்போதுதான் புரிகிறது. மத்தியானம் வெயில் ஏறியதும் மாமியார் எலி செத்துக் கிடக்கிறது என்று பீரோவை நகர்த்தச் சொன்னார். நகர்த்தினேன், பிரிட்ஜையும் நகர்த்தினேன், பரணில் ஏறினேன். எனக்கு விஷயம் தெரியும், ஆனால் ஒரு பூவுக்காகவா மூன்று வருஷம் பாடுபட்டாய் என்று கேட்பார்களே என்று வாயைத் திறக்கவில்லை. கடைசியில் பச்சை ஈக்கள் காட்டிக்கொடுத்துவிட்டன. பூவின் நடுவே வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது, அரிசிக் குருணை மாதிரி. அது மகரந்தமா?

பழைய_வாத்தியார் | அக்டோபர் 30

ஈ முட்டை! பூ செத்த மிருகமாக வேஷம் போடுகிறது, முடியும் சுருக்கமும் நிறமும் அதற்குத்தான். நாற்றமும் அதே பொருள்களால் வருவது: அழுகும் இறைச்சியில் உண்டாகும் டைமெத்தில் டைசல்பைடு போன்ற கந்தகச் சேர்மங்கள். தாய் ஈ நம்பி முட்டை இட்டுவிடும். புழு வெளியே வந்து பார்த்தால் தின்ன ஒன்றும் இருக்காது, பட்டினியில் சாகும். பூவுக்குச் சல்லிக்காசு செலவில்லை. பாவம் அந்த ஈ.

மொட்டைமாடி_மதுரை | அக்டோபர் 31

பாவம் நான் இல்லையா ஐயா? மாமியார் தொட்டியைத் தெருவில் வைக்கச் சொல்கிறார்.

செம்மண்தாசன் | அக்டோபர் 31

இரண்டு மூன்று நாளில் பூ சுருங்கிவிடும், தாக்குப்பிடியுங்கள். அடுத்த வருஷம் மொட்டு வருவதற்கு முன்பே மாடியின் எதிர்க்கோடிக்கு மாற்றி வைத்துவிடுங்கள். சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் வைப்பவன் குடும்பஸ்தன் இல்லை.

இலையுதிர் | நவம்பர் 1

விதை கிடைக்குமா? போத்து இல்லாமல் விதையில் வளர்க்க ஆசை.

கள்ளிப்பிரியை | நவம்பர் 1

எனக்குப் பன்னிரண்டு வருஷத்தில் இரண்டே தடவை காய் பிடித்தது. ஜோடியாக, ஆட்டுக்கொம்பு போல நிமிர்ந்து நிற்கும். முற்ற மாதக்கணக்கில் ஆகும், காத்திருக்கிற நமக்குத்தான் பொறுமை போகும். முற்றும்போது மெல்லிய துணியால் தளர்வாகக் கட்டிவிடுங்கள். வெடித்தால் எருக்கம்பஞ்சு மாதிரி விதை பட்டுக்குஞ்சத்தோடு பறந்துவிடும், நான் முதல் காயை அப்படித்தான் பறிகொடுத்தேன். புது விதை ஒரு வாரத்துக்குள் முளைக்கும். அதன்பிறகு நாற்று மெல்லிசாக இருக்கும் முதல் மழைக்காலத்தைத் தாண்டுவதுதான் கஷ்டம். பூ பார்க்க ஓரிரண்டு வருஷமாவது ஆகும். போத்து கேளுங்கள், அனுப்புகிறேன்.

புதுமுகம்_சேலம் | நவம்பர் 2

இதைச் சாப்பிட்டால் உடம்பு இளைக்குமாமே? வாட்ஸ்அப்பில் வந்தது.

பழைய_வாத்தியார் | நவம்பர் 2

அது வேறு செடிகளைப் பற்றிய பேச்சு. கலகாரிப் பக்கத்துச் சான் மக்கள் வேட்டைக்குப் போகும்போது பசியடக்க மெல்லுவது ஹூடியா. நம் கள்ளிமுளையான் சாற்றையும் இளைக்கிற மாத்திரையாக விற்கிறார்கள். இரண்டும் இதன் உறவுதான். உறவுக்காரன் நல்லவன் என்பதற்காக இவனைத் துவையல் அரைக்காதீர்கள்.

கடலோரக்காரன் | நவம்பர் 2

போத்து வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மிஞ்சியதைக் கரட்டிலோ புறம்போக்கிலோ வீசாதீர்கள். மேலே ஐயா சொன்ன ஓர்பியா வேரிகேட்டா, தெற்கு ஆஸ்திரேலியாவில் தோட்டத்திலிருந்து தப்பி வறண்ட நிலத்தில் களையாகப் பரவிவிட்டது. கள்ளிமுளையான் இருக்கிற இடத்தில் அதற்குப் போட்டியாக இதை நாம் இறக்கிவிடக் கூடாது.

மொட்டைமாடி_மதுரை | நவம்பர் 4

வீசமாட்டேன். வேர் பிடித்த பதினொன்றில் ஏழு கொடுக்க இருக்கிறது. செய்தித்தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு அனுப்புகிறேன், தபால் செலவு உங்களுடையது. மாவுப்பூச்சி பார்த்துக் கழுவியவை. நாற்றம் பற்றி முன்கூட்டியே வீட்டில் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

புதுமுகம்_சேலம் | நவம்பர் 6

எனக்கு ஒன்று சார். அதோடு ஒரு சந்தேகம், என் அத்தை வீட்டுச் செடியில் மொட்டு கோலிக்குண்டு அளவு வந்து மஞ்சளாகி விழுந்துவிடுகிறது. இது மூன்றாவது.

கள்ளிப்பிரியை | நவம்பர் 6

தொட்டி மழையில் நிற்கிறதா? வடிகால் ஓட்டையில் ஒரு குச்சியை விட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஈரமாக வந்தால் ஒரு பதில், புழுதியாக வந்தால் வேறு பதில்.